கட்டுகஸ்தோட்டையில் மூன்று அரசர்கள்

கண்டி மாநகரிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் பெருவீதியில், மகியாவைக் கடந்து ஏறக்குறைய ஐந்து கிலோமீற்றர் சென்றதும் மகாவலி கங்கை குறுக்கிடும். அவ்விடமே கட்டுகஸ்தோட்டை. பெயரின் ஈற்றைக் கண்டு இதனை ஏதோ ஒரு தோட்டமென மயங்குவோர் பலர். சிங்களத்தில் முதற்சொல் முள்ளையும், நடுச்சொல் மரத்தையும், ஈற்றுச்சொல் ஆற்றுத்துறையையும் குறிப்பன. முள்மரத்துறை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். குருநாகலுக்குச் செல்லும் வீதி இங்கேதான் பிரிகின்றது. 1880 இல் மாத்தளைக்குப் போடப்பட்ட இருப்புப்பாதையும் இங்கேதான் கங்கையைக் கடக்கின்றது. சற்றுக் கீழே பொல்கொல்லையில் 1976 இல் கட்டிய அணை, கங்கை நீரில் ஒரு பகுதியை மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வடக்குப்புறத்து வறண்ட நிலங்களுக்கு அனுப்புகின்றது. மனிதரும் நீரும் வழி பிரியும் ஊர் இது என்றால் மிகையாகாது.

இவ்வூர்க் கத்தோலிக்கப் பங்கிலே மூன்று அரசர் திருநாளை நான் கண்டது 2015 ஆம் ஆண்டு சனவரி 4 ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை. அந்த வாரத்தை இலங்கையர் எளிதில் மறவார். வியாழக்கிழமை சனாதிபதித் தேர்தல், சுவரெல்லாம் சுவரொட்டி. அதற்கடுத்த வாரம் பாப்பரசர் பிரான்சிஸ் வருவதாக இருந்தது. அன்றைய ஞாயிறோ துருது போயா தினம். புத்தர் பெருமான் முதன்முறையாக இலங்கைக்கு வந்து மகியங்கனையில் இறங்கினார் என்று பௌத்தர்கள் போற்றும் பௌர்ணமி அது. வெள்ளை உடுத்து விகாரைக்குச் செல்வோர் காலையிலேயே வீதியோரத்தில் நடந்துகொண்டிருந்தனர். நம்மவர்க்கோ திருவெம்பாவைக் காலம். மறுநாள் ஆருத்திரா தரிசனம். நான்கு திசைக்கும் நான்கு அழைப்பு.

எனக்கு வந்த அழைப்பு என்னுடன் படிப்பிக்கும் ஓர் ஆசிரியரிடமிருந்து வந்தது. மலையகத் தமிழர், கட்டுகஸ்தோட்டையிற் குடியிருக்கும் கத்தோலிக்கர். “சேர், இந்த வருசம் நட்சத்திரம் தூக்க உங்க மகள் வரட்டுமே. எங்க பிள்ளையோடதானே எந்நேரமும் விளையாடுது” என்றார். மகளுக்கு அப்போது எட்டு வயது. அவள் அன்றிரவே வெள்ளித்தாளும் பசையும் கேட்டுவிட்டாள். இடையூறு வந்தது என் தாயாரிடமிருந்து.

அவர் யாழ்ப்பாணத்திலிருந்து எங்களுடன் தங்க வந்திருந்தார். நாள்தோறும் விடியுமுன் நீராடிக் கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலுக்குச் சென்று வருவார். “திருவெம்பாவை நாளிலை பிள்ளையை வேதக்கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போறதோ? உனக்குப் படிச்ச புத்தி எங்கை போட்டுது, தம்பி?” என்றார். நான் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். கங்கைக்கரையிலுள்ள புனித அந்தோனியார் கல்லூரியை உதாரணங் காட்டினேன். 1854 இல் தொடங்கிய அக்கல்லூரியிலே, பெனடிக்ற் சபைத் துறவிகளின் பராமரிப்பிற் படித்துத்தானே முத்தையா முரளிதரன் உலகப்புகழ் பெற்றார். அவர் நெற்றியிலே திருநீறு இல்லாமற் போயிற்றா என்று கேட்டேன். அம்மா விட்டாரில்லை. “அவன் பந்து எறியப் போனவன். வேசங்கட்டப் போகேல்லை” என்றார்.

இந்தப் பதிலைக் கேட்டுச் சிரிக்கும் இளைஞர்கள் சற்றே பொறுக்கவேண்டும். அவர் பயம் வெறும் வயோதிபப் பிடிவாதமன்று. 1621 இல் போர்த்துக்கேயர் நல்லூர்க் கந்தசுவாமி கோவிலை இடித்தனர். பின்வந்த ஒல்லாந்தர் காலத்தில், உத்தியோகம் வேண்டுவோர் மனத்திலே எதை வைத்திருந்தாலும் தலையிலே ஞானஸ்நான நீரை ஏற்கவேண்டியிருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் மிசன் பாடசாலைகள் நல்ல கல்வியைத் தந்தன. ஆனால் அக்கல்வியோடு தம் சமயத்தையும் சேர்த்தே தந்தன. ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியது இதற்காகவேயன்றோ? பேரப்பிள்ளை கையிலே ஒரு நட்சத்திரத்தைக் கண்டதும் அம்மாவின் நெஞ்சிலே இவ்வளவும் கிளர்ந்தன. முன்பொருமுறை அவரே மடு மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றி வந்தவர்தாம். அதை நினைவூட்டினேன். “மடு வேறை, இது வேறை” என்று முடித்துவிட்டார்.

ஆயினும் ஞாயிறு காலை நாங்கள் புறப்பட்டபோது அம்மா சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றார். “பிள்ளையைத் தனிய விட ஏலாது” என்பதே அவர் சொன்ன காரணம். நானும் பிள்ளையின் தாயும் உடனிருப்பது கணக்கிற் சேரவில்லை.

திருநாளைப் பற்றி இங்கே சிறிது சொல்லவேண்டும். கிரேக்கத்தில் இதன் பெயர் எப்பிபானியா; தோன்றுதல், வெளிப்படுதல் என்று பொருள். தமிழ்க் கத்தோலிக்கர் இன்று திருக்காட்சிப் பெருவிழா என்பர். முதியோர் வாயிலே மூன்று இராசாக்கள் திருநாள். மரபுப்படி சனவரி 6 ஆந் திகதிக்குரியது. அந்நாள் கடமைத் திருநாளாக இல்லாத நாடுகளில், 2 ஆந் திகதிக்கும் 8 ஆந் திகதிக்கும் இடையில் வரும் ஞாயிறன்று கொண்டாடுவர். ஆர்மீனியத் திருச்சபையார் நத்தாரையே சனவரி 6 இற்றான் கொண்டாடுகின்றனர். ‘காட்சி’ என்ற சொல்லை இத்திருநாளுக்கு இட்டவர் யாராயினும், தமிழ்க் காது நன்கு வாய்க்கப்பெற்றவர். இறைவன் அடியார்க்குக் காட்சி கொடுத்தான் என்று நாமும் சொல்லுகின்றோம். மறுநாள் தில்லையிலே நடைபெறவிருந்ததும் தரிசனந்தானே!

கோவிலிலே பாலன் குடில் வைக்கோலும் கடதாசி மலையுமாக விளங்கிற்று. மூன்று அரசர்களின் உருவங்களை நத்தாரன்று குடிலில் வைப்பதில்லையாம். அவர்கள் நெடுந்தூரத்திலிருந்து நடந்து வருகின்றவர்கள். திருநாளன்றுதான் வந்து சேரவேண்டும். சில வீடுகளிலே நாளுக்கு ஒரு சாண் வீதம் உருவங்களை நகர்த்துவதும் உண்டென நண்பர் சொன்னார். என் மகளுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துவிட்டது.

மணி அடித்ததும் வாசலிலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. முன்னே என் மகள், தன்னிலும் பெரிய நட்சத்திரத்தைத் தடியிற் கட்டித் தூக்கியபடி. பின்னே மூன்று அரசர்கள். வீட்டுத் திரைச்சீலை மேலங்கியாகவும், பஞ்சு தாடியாகவும் மாறியிருந்தன. ஒருவருடைய தாடி நடுவழியிற் கழன்று விழ, அவர் அதனைக் கிரீடத்துக்குள் வைத்துக்கொண்டு அரச கம்பீரம் குன்றாமல் நடந்தார். “ஒட்டகம் எங்கே?” என்று ஒரு சிறுவன் உரக்கக் கேட்டான். கட்டுகஸ்தோட்டையில் ஒட்டகத்துக்கு எங்கே போவது? யானை என்றாலும் பரவாயில்லை. கங்கையிலே யானை குளிப்பதைப் பார்க்கவென்றே வெளிநாட்டார் இவ்வூருக்கு வந்த காலமொன்று இருந்தது. பாட்டு ஒன்று சிங்களத்தில், ஒன்று தமிழில் என மாறிமாறி வந்தது. வாசகங்களும் அவ்வாறே. பக்கத்து வாங்கிலிருந்த சிங்கள மூதாட்டி தமிழ்ப் பாட்டையும் தாளம் தவறாமற் பாடியதைக் கண்டேன்.

அரசர் மூவரும் காணிக்கை வைத்தனர். பொன்னுக்குப் பதில் பித்தளைச் செம்பு. அடுத்தது சாம்பிராணி, புகை எழுந்ததும் அம்மா தம்மையறியாமற் கைகூப்பினார். பின்பு சுற்றுமுற்றும் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டார். மூன்றாவது வெள்ளைப்போளம். “கரியபோளம் தெரியும். இதென்ன புதுச்சாமான்?” என்று என் காதிற் கேட்டார். அரபு நாட்டின் தென்பகுதியிலும் சோமாலியக் கரையிலும் வளரும் சில மரங்களின் பட்டையைக் கீறி எடுக்கும் பிசின்களே பண்டை உலகம் பொன்னுக்கு இணையாக மதித்த குங்கிலிய வகையும் வெள்ளைப்போளமும். பொன் அரசனுக்கு, நறும்புகை தெய்வத்துக்கு, வெள்ளைப்போளம் பிணத்துக்குப் பூசுவது, ஆகவே சாகப்போகும் மனிதனுக்கு என்று பொருள் விரிப்பர். தொட்டிற் குழந்தைக்குச் சாவுப்பொருளைக் கொண்டு வந்தார்களா என்று அம்மா திடுக்கிட்டார். எனக்கும் அக்கணத்திலேதான் அதன் கடுமை உறைத்தது.

நற்செய்தி வாசித்த பின் நடந்த ஒன்று, நான் சற்றும் எதிர்பாராதது. குருவானவர் அவ்வாண்டின் திருநாட்களை உரத்த குரலில் அறிவித்தார்: விபூதிப் புதன் பெப்ரவரி 18, உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் 5 என்றவாறு. அச்சிட்ட நாட்காட்டி இல்லாத காலத்தில், ஆண்டுத் தொடக்கத்தில் மக்களுக்கு இவ்வாறு அறிவித்த வழக்கம் இன்றும் விடாமலிருக்கின்றது. உயிர்த்த ஞாயிறு சந்திரனைக் கொண்டு கணிக்கப்படுவது. மார்ச் 21 ஐ ஒட்டியோ அதன் பின்னோ வரும் முதற் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. “பஞ்சாங்கம் வாசிக்கினம்” என்றார் அம்மா, முதன்முறையாக முகம் மலர்ந்து. அதனினும் சரியான விளக்கத்தை எந்த அறிஞரும் தந்திருக்க முடியாது.

நற்கருணை பெற எல்லோரும் எழுந்தபோது அம்மா பேத்தியின் கையை இறுகப் பற்றிக்கொண்டார். ஒருவரும் அழைக்கவில்லை. அது விசுவாசிகளுக்கு மட்டுமே உரியதென்று நண்பர் முன்பே சொல்லியிருந்தார். பிடி மெல்லத் தளர்ந்தது.

குருவானவரின் பிரசங்கம் பெரும்பாலும் யோசேப் வாஸ் அடிகளாரைப் பற்றியது. கோவாவிலே 1651 இற் பிறந்த அவர், 1687 இல் ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். கத்தோலிக்கக் குருமாரை ஒல்லாந்தர் தடைசெய்திருந்த காலம் அது; இடித்தவர்களின் சமயமே ஒளிந்துறைய நேர்ந்த காலம் என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். தமிழ் கற்றார். 1692 இற் கண்டிக்கு வந்து, போர்த்துக்கேய ஒற்றனென்ற ஐயத்தின்பேரிற் சிறைப்பட்டார். பௌத்தனாகிய இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் நாளடைவில் அவரை நம்பினான். தொண்டு செய்ய இடமளித்தான். 1697 இல் கண்டியில் அம்மை நோய் பரவி மக்கள் ஊரைவிட்டு ஓடியபோது, இன்னார் இன்ன சமயத்தார் என்று பாராமல் நோயாளரைப் பராமரித்தவர் அவர். 1711 சனவரி 16 இற் கண்டியிலேயே காலமானார். அவர் கல்லறை எங்கேயென்று இன்று எவராலுங் காட்டமுடியாது. அந்த ஞாயிறு கழிந்து பத்தாம் நாள், 14 ஆந் திகதி, கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் அவரைப் புனிதராக உயர்த்திவிட்டு, அன்று பிற்பகலே மடுவுக்குச் சென்றார். அம்மா அதனைத் தொலைக்காட்சியில் இருந்தபடியே பார்த்தார்.

பூசை முடிந்து மண்டபத்திலே பாற்சோறும் லுணுமிரிசும் பரிமாறினார்கள். போயா தினமாதலால் இறைச்சிக்கடைகள் பூட்டு, எல்லாம் மரக்கறியே. ஆயினும் அம்மா விரதம் என்று சொல்லி ஒதுங்கியிருந்தார். அதனைக் கேட்ட ஒரு பெண்மணி, வற்புறுத்தாமல், உள்ளே சென்று புதிதாகக் கழுவிய குவளையிற் தேநீரும் இரண்டு வாழைப்பழமும் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார். சற்று நேரங் கழித்துத் தேநீர் குறைந்திருந்தது. பழம் எங்கள் பையிலே வீட்டுக்கு வந்தது.

தேநீரோடு நண்பர் ஒரு கதை சொன்னார். போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் எழுதிவைத்தது. இலங்கையிலே பிரிமால் என்றோர் அரசன் இருந்தானாம். அவன் கப்பலேறி மஸ்கற் கரையை அடைந்து, அங்கே மற்ற அரசர்களோடு சேர்ந்து பெத்லகேமுக்குச் சென்றானாம். மூவரில் ஒருவன் அவனேயாம். பிரிமால் என்பது நம் பெருமாள் என்பதன் சிதைவு போலும். வரலாறாக இதனைக் கொள்ள ஆதாரமில்லை. மத்தேயு எழுதிய நற்செய்தியில் அரசர் என்ற சொல்லே கிடையாது. மூவர் என்ற எண்ணுங் கிடையாது. கிழக்கிலிருந்து வந்த ஞானியர் என்பதே அங்குள்ளது. பழைய தமிழ் விவிலியமொன்று அவர்களைச் சாஸ்திரிகள் என்றே பெயர்த்தது. காணிக்கை மூன்றானதால் ஆட்களும் மூவராயினர். கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற பெயர்கள் பின்னே வந்தன. ஆயினும் நம் நாட்டானொருவனை அந்தப் பயணத்திற் சேர்க்கவேண்டுமென யாரோ ஆசைப்பட்டிருக்கின்றார்கள்!

திரும்பும்போது பாலத்திலே அம்மா நின்றார். கீழே மகாவலி மாரிகாலத்துக் கலங்கல் நீருடன் போய்க்கொண்டிருந்தது. மகள் நட்சத்திரத்தைக் கங்கைக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“தம்பி, அந்த மூண்டு பேரும் பிறகு வேதத்திலை சேந்தவையோ?” என்றார் அம்மா.

எனக்கு உடனே பதில் தெரியவில்லை. அன்றிரவு நண்பர் தந்திருந்த நற்செய்தி நூலைப் பிரித்துப் பார்த்தேன். பிள்ளையைக் கண்டார்கள், வணங்கினார்கள், காணிக்கை வைத்தார்கள், கனவிலே எச்சரிக்கை பெற்று, வேறு வழியாகத் தங்கள் நாட்டுக்குத் திரும்பினார்கள். அவ்வளவே. மத்தேயு அதற்குமேல் ஒன்றுஞ் சொல்லவில்லை.

“தங்கடை ஊருக்குத் திரும்பிப் போட்டினமாம், அம்மா” என்றேன்.

“அப்ப சரி. அடுத்த முறையும் பிள்ளை தூக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, விடிய ஆருத்திராவுக்கு எழவேண்டுமென்று விளக்கை அணைத்தார்.

தோமையார் கிழக்கே வந்தபோது அம்மூவரையும் தேடிக் கண்டு ஞானஸ்நானம் கொடுத்தார் என்று பிற்காலக் கதையொன்று உண்டு. அதனைச் சில ஆண்டுகளின் பின்னரே படித்தேன். அம்மாவிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.