இரவல் கொடுக்க முடியாத வாத்தியம்

"மௌத் ஓர்கனுக்கெல்லாம் ஒரு சங்கமோ?" என்று எங்களிட்ட அடிக்கடி கேட்கிறார்கள். கேட்கிற ஆக்களுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. வயலின், மிருதங்கம் என்றால் சோதினை இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது, வட இலங்கை சங்கீத சபையின் தரங்களை ஒவ்வொன்றாக ஏறலாம். கிற்றார் என்றால் கலியாண வீட்டிலாவது வாசிக்கலாம். காற்சட்டைப் பைக்குள் அடங்குகிற, திருவிழாக் கடையில் விளையாட்டுச் சாமானோடு தொங்குகிற ஒன்றுக்காக ஒவ்வொரு ஞாயிறு பின்னேரமும் பத்துப் பேர் ஏன் கூட வேணும்?

இதற்கு இதுவரை சிரித்துத்தான் பதில் சொல்லியிருக்கிறோம். இந்த வருடம் எழுதியே பதில் சொல்லவேண்டி வந்திருக்கிறது. தொடங்கின நாலு பேரில் ஒருவன் ஏற்கெனவே கனடாவில். இன்னொருவனுக்கு கொழும்பில் வேலை. மிச்ச இரண்டு பேரும் கடைசி வருடம். சங்கத்தைப் பிறகு நடத்தப்போகிற பிள்ளைகளுக்கு இது எதற்காக இருக்கிறது என்று சொல்லிப்போட்டுத்தானே போக வேணும்.

தொடக்கம் 2022. ஏ.எல். எழுதிப்போட்டு பெறுபேற்றுக்குக் காத்துக்கொண்டிருந்த காலம். மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தது. எங்களில் ஒருவனிடம் கீபோட் இருந்தது. கரண்ட் இல்லாவிட்டால் அது வெறும் பலகை. இன்னொருவனிடம் மாமா கொண்டுவந்து குடுத்த ஹார்மோனிக்கா இருந்தது. அதற்குக் கரண்டும் வேண்டாம், பற்றரியும் வேண்டாம். பெற்றோல் வரிசையில் மோட்டார் சைக்கிளை விட்டுப்போட்டு விடியும்வரை முழிச்சிருந்த இரவுகளில் அவன் ஊத, நாங்கள் கேட்டோம். பிறகு ஒவ்வொருவராக வாங்கினோம். சும்மா வாங்க ஏலாது. மார்ச்சுக்கு முன்னம் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டிருந்தது. கடையில் இருந்த பழைய விலை ஸ்ரிக்கருக்கு மேல் புது ஸ்ரிக்கர் ஒட்டியிருந்தது.

ஆரம்பத்தில் கோயிலடி மதகில்தான் இருந்து ஊதினோம். மதகு எங்களுக்கு வசதி. ஆனால் மதகில் பெடியள் மட்டும்தான் இருக்கலாம். அங்கே ஒரு பெட்டை வந்து இருந்தால் ஊர் ஒரு கிழமைக்குக் கதைக்கும். சனசமூக நிலையத்தின் பின் அறையைக் கேட்டு வாங்கின பிறகுதான் நாலு பெண்பிள்ளைகள் சேர்ந்தார்கள். நிலையத்தின் நிபந்தனை சின்னது: பேப்பர் பார்க்கிற ஐயாமார் எழும்பின பிறகு, நாலு மணிக்கு மேல் தொடங்க வேணும். பேப்பர்களை மடிச்சு அடுக்கி, கூட்டிப்போட்டு, ஆறு மணிக்கு முன்னம் பூட்ட வேணும். எங்கட சங்கம் வளர்ந்த கதையில் முதல் படி ஒரு பாட்டோ மேடையோ இல்லை, அந்த அறையின் திறப்புத்தான்.

ஏன் சங்கம் என்றால், முதல் காரணம் இந்த வாத்தியத்தைக் கண்ணால் பார்த்துப் பழக ஏலாது. கிற்றாரில் விரல் எங்கே நிற்கிறது என்று யூரியூப்பைப் பார்த்து அப்படியே வைக்கலாம். ஹார்மோனிக்காவில் எல்லாமே வாய்க்குள். நாக்கு எங்கே, தொண்டை எப்படி, காற்று எவ்வளவு, ஒன்றும் தெரியாது. படம் பிடிச்சால் இரண்டு கையும் ஒரு மூக்கும்தான் வரும். பக்கத்தில் இருந்து கேட்டு, "உது இல்லை, இன்னும் கொஞ்சம் வாயைக் குவி" என்று சொல்ல ஒரு ஆள் வேணும்.

இரண்டாவது காரணம், இதை இரவல் குடுக்க ஏலாது. ஒரு கிற்றாரை வைச்சு ஆறு பேர் பழகலாம். ஹார்மோனிக்காவில் ஆளுக்கு ஒன்று வேணும். அதனால் புதிதாக வருகிற ஆளுக்கு முதல் கிழமையே செலவு. எந்த வகையை வாங்குவது என்பதில்தான் பல பேர் கழன்று போவார்கள். எங்கட கடைகளில் கூடுதலாகக் கிடைப்பது 24 துளை ட்ரெமலோ. அதில் ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு றீட். ஒன்றை மற்றதைவிடக் கொஞ்சம் விலக்கிச் சுருதி சேர்த்திருப்பார்கள், அதுதான் அந்த நடுங்குகிற சத்தம். தனியக் கேட்க வடிவு. ஐந்து பேர் சேர்ந்து ஊதினால் தேனீக்கூடு கலைஞ்ச மாதிரி. எனவே சங்கத்தில் எல்லாருக்கும் ஒரே வகை: 10 துளை, 20 றீட், சீ சுருதி. சங்கீதக்காரர் பாஷையில் ஒரு கட்டை. ட்ரெமலோ கொண்டுவருகிற ஆளைத் திருப்பி அனுப்புவதில்லை. அவருக்குத் தனி வாசிப்பு, மற்றவர்கள் கேட்பார்கள். காசு சேர்க்கிற வரைக்கும் கொப்பியும் காதும் போதும் என்று சொல்லி வைச்சிருக்கிறோம்.

கொப்பியில் நாங்கள் எழுதுகிற முறை இது: ஊதினால் 'ஊ', இழுத்தால் 'இ'. 4ஊ, 4இ, 5ஊ, 5இ, 6ஊ, 6இ, 7இ, 7ஊ. இது ச ரி க ம ப த நி ச. ஏழாம் துளையில் ஒழுங்கு மாறுவதைப் பாருங்கோ. அதுவரை ஊது-இழு என்று வந்தது அங்கே இழு-ஊது ஆகிறது. எல்லாரும் அந்த இடத்தில்தான் தடுக்குப்படுவார்கள். முதல் மூன்று துளையில் வேறு பிரச்சினை, கீழ் ஸ்தாயியில் மவும் தவும் இல்லை. இந்த அமைப்பு ஜேர்மன் நாட்டுப்பாடல்களுக்குப் பக்கத்தில் கோட்ஸ் சேர்ந்து ஒலிக்கவேணும் என்று வந்தது. எங்கட பாட்டு கீழே இறங்கினால் பாதி வழியில் படி இல்லாமல் நிற்கும். இதைத் தனியப் பழகுகிற ஆள் தனக்குத்தான் வராது என்று நினைச்சு அலுமாரிக்குள் வைச்சுவிடும். பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் "அது உன்ர பிழை இல்லை, அங்கே சுரமே இல்லை" என்று சொல்லும்.

சில சட்டங்களும் உண்டு. வாய் கொப்பளிச்சுப்போட்டு ஊத வேணும். தேத்தண்ணி கடைசியில்தான், சீனி றீட்டில் ஒட்டும். ஊதி முடிந்ததும் உள்ளங்கையில் தட்டி ஈரத்தை எடுக்க வேணும். இன்னொருவரின் ஹார்மோனிக்காவை வாயில் வைக்கக் கூடாது.

இந்தக் கடைசிச் சட்டம் எங்களைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் மகளை அனுப்ப மறுத்தார். "ஊதுற வேலை எங்களுக்கு எதுக்கு? ஆர் ஆற்ற எச்சிலோ" என்றார். எங்கட ஊரில் 'எச்சில்' என்ற சொல்லுக்குள் சுகாதாரம் மட்டும் இல்லை. தேநீர்க்கடையில் ஆருக்கு எந்தக் குவளை என்று பார்த்த காலமும், அதை எதிர்த்து 1960களில் நடந்த ஆலயப் பிரவேச, தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களும் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. 'ஊதுறது' என்பதும் அப்படித்தான். நாதஸ்வரத்தை ரசித்துக் கேட்டுவிட்டு, ஊதுகிற ஆளின் வீட்டில் தண்ணி குடிக்காத சனம் நாங்கள். ஆகவே சட்டத்தைச் சொல்கிறபோதே காரணத்தையும் சொல்வது என்று தீர்மானித்தோம்: தடிமன் தொற்றும், அதனால் மாற்றி ஊதுவதில்லை. கழற்றித் திருத்துகிறபோது ஆருடையது என்று பார்ப்பதில்லை. தேத்தண்ணிக் கோப்பை எல்லாருக்கும் ஒரே தட்டில் வரும், கையில் அகப்பட்டதை எடுக்கலாம். அந்தப் பெரியவரின் மகள் இன்னும் வரவில்லை. அவளுக்கான இடம் கிடக்கிறது.

சங்கத்தை வளர்க்க என்ன செய்யலாம் என்பதில் எங்களுக்குள் பெரிய சண்டையே நடந்தது. ஒரு பகுதி மேடை ஏறவேணும் என்றது. ஏறினோம். ஒரு விழாவில் மூன்று சினிமாப் பாட்டு. நல்ல கைதட்டல், வட்ஸ்அப்பில் வீடியோ சுற்றியது. அடுத்த ஞாயிறு 15 பேர் புதிதாக வந்தார்கள். ஒரு மாதத்தில் மூன்று பேர் மிச்சம். மற்றப் பகுதி திருத்தவேலை நாள் ஒன்று வைப்போம் என்றது. "வீட்டில் பழுதான மௌத் ஓர்கன் இருந்தால் கொண்டு வாங்கோ" என்று நிலையத்துப் பலகையில் எழுதிப் போட்டோம். ஏழு பேர் வந்தார்கள். அதில் ஐந்து பேர் இப்பவும் வருகிறார்கள், ஒருவர் இளைப்பாறிய தபால்காரர்.

ஏன் இந்த வித்தியாசம்? மேடையைப் பார்த்து வருகிற ஆளுக்கு மேடைதான் வேணும். அது ஒரு கிழமையில் வராது. பழுதானதைக் கொண்டுவருகிற ஆளிடம் ஏற்கெனவே ஒரு பாட்டு இருக்கிறது, ஊதத்தான் முடியவில்லை. திருத்தவேலையும் பெரிய மந்திரம் இல்லை. மூடியைக் கழற்றினால் பாதிக்கு மேல் நூலோ தூசியோ அடைச்சுக் கிடக்கும். சுருதி இறங்கின றீட்டை நுனியில் பிளேட்டால் மெல்லச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். பார்த்துக்கொண்டிருக்கிற ஆள் அன்றைக்கு முதல்முதலாக அந்த வாத்தியத்தின் உள்ளைக் காண்கிறார். வெளியில் ஒன்றும் தெரியாத வாத்தியத்துக்கு அது பெரிய விஷயம்.

பெண்பிள்ளைகள் வந்த பிறகு இன்னொன்று நடந்தது. அவர்களில் ஒருத்தி வீணை படிச்சவள். எங்கட சீ ஹார்மோனிக்காவை வாங்கிய முதல் மாதமே அவள் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தாள். 4ஊவில் தொடங்கினால் சங்கராபரணம். 4இவை ஷட்ஜமாக வைத்தால் கரகரப்ரியா. 5ஊ என்றால் தோடி, 5இ என்றால் கல்யாணி, 6ஊ என்றால் ஹரிகாம்போஜி, 6இ என்றால் நடபைரவி. கிரக பேதம் என்று சங்கீத வகுப்பில் படிக்கிறது. தோடிக்குரிய கமகம் இதில் வராது, கல்யாணியும் கல்யாணியின் எலும்புக்கூடுதான். ஆனாலும் பையில் போட்டுக்கொண்டு திரிஞ்ச சாமானுக்குள் ஆறு மேளகர்த்தா கிடந்தது எங்களுக்குத் தெரியாது.

அவள் கேட்டது வேறு இராகம், மாயாமாளவகௌளை. சரளி வரிசை தொடங்குகிற எல்லாப் பிள்ளைகளும் முதலில் பாடுவது. அது இந்த வாத்தியத்தில் நேரே இல்லை. 4இவில் இருக்கிற ரிஷபத்தையும் 6இவில் இருக்கிற தைவதத்தையும் அரைச் சுரம் கீழே வளைக்க வேணும். இழுத்துக்கொண்டிருக்கும்போதே நாக்கின் பின்பக்கத்தை உள்ளே எடுத்து, வாய்க்குள் 'ஈ' என்பதை 'ஊ' ஆக்குகிற மாதிரி. எங்களில் ஒருவனுக்கு வளைக்கத் தெரியும், எவ்வளவு வளைச்சால் சுத்த ரிஷபம் என்று காது இல்லை. அவளுக்குக் காது இருக்கிறது, வளைக்கத் தெரியாது. போனில் சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் எதிரும் புதிருமாக இருந்தார்கள். அவன் ஊத, அவள் "இன்னும் கீழ... போதும், கூடிப்போச்சு" என்பாள். பிறகு அவள் ஊத, அவன் "நாக்கு முன்னுக்கு நிக்குது" என்பான். ஆறு ஞாயிறு எடுத்தது. ஏழாம் ஞாயிறு எல்லாருமாகச் சரளி வரிசை ஊதினோம். தபால்காரர் ஐயாவின் ரிஷபம் மட்டும் இன்னும் இறங்கவில்லை, அவர் பரவாயில்லை என்றார். சங்கம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு எங்களிடம் இருக்கிற பதில் அந்த ஆறு ஞாயிறும்தான். தனி ஆளாக இரண்டு பேருக்கும் அது வந்திராது.

போனவர்களோடு இணையத்தில் சேர்ந்து வாசிக்கவும் பார்த்தோம். அழைப்பில் சத்தம் பிந்தி வரும், சேர்ந்து ஊத ஏலாது. போதாததுக்கு நீளமாக ஊதுகிற சுரத்தை இரைச்சல் என்று நினைச்சு அந்தச் செயலி வெட்டிப்போடும். இப்போது கனடாவில் இருக்கிறவன் குரல்பதிவாக அனுப்புகிறான். நாங்கள் அதைப் போட்டுவிட்டு அதோடு சேர்ந்து ஊதுகிறோம். அவனுக்கு எங்கட பக்கத்தை அனுப்புகிறோம். ஆனால் புதுப் பிள்ளைக்கு வாய் குவிக்கப் பழக்குவது குரல்பதிவில் நடக்காது. அதற்கு இந்த அறைதான்.

அடுத்து வருகிறவர்களிடம் நாங்கள் குடுக்கப்போவது இவ்வளவுதான்: ஒரு திறப்பு. ஒரு பிஸ்கட் பெட்டி, அதற்குள் சின்ன ஸ்குரூ ட்ரைவர், பிளேட், உதிரிப்பாகத்துக்கு இரண்டு செத்த ஹார்மோனிக்கா. 'ஊ', 'இ' என்று எழுதின இரண்டு கொப்பி. பிறகு ஒரு வேண்டுகோள்: மேடை கிடைச்சால் ஏறுங்கோ, ஆனால் மேடைக்காக ஒரு ஞாயிறையும் பூட்டி வைக்காதேயுங்கோ. நல்லூர்த் திருவிழா 25 நாளும் விடுமுறை, அது போதும். இரண்டு பேர்தான் வந்தாலும் திறவுங்கோ. வந்து பூட்டிக் கிடந்ததைப் பார்த்த ஆள் இரண்டாம் முறை வராது.

பொறுப்பெடுக்கப்போகிற தங்கச்சிக்கு அடுத்த வருடம் ஏ.எல். ரியூசனுக்கும் சங்கத்துக்கும் ஒரே ஞாயிறுதான் இருக்கிறது. "ஐந்து மணிக்குத் திறந்தால் காணாதோ அண்ணா?" என்று கேட்டாள். ஐயாமாரிடம் கேட்டிருக்கிறோம். ஆறரைக்குப் பூட்டலாம் என்று சம்மதித்திருக்கிறார்கள்.

ஆகவே வருகிற மாதத்திலிருந்து ஞாயிறு ஐந்து மணி. வீட்டு அலுமாரியில் கிடக்கிற பழையதையும் கொண்டு வாங்கோ, திறந்து பார்ப்போம்.