துணைக்கு இருத்தல்

சென்ற வாரம் சாணக்யபுரியில் ஒரு தூதரகத்தின் வெளிச்சுவரை ஒட்டி, வேப்பமர நிழலில் இரண்டு மணி நேரம் நின்றிருந்தேன். உள்ளே விசா நேர்காணலுக்குச் சென்றிருந்தவர், முனிர்காவில் என் அறைக்குக் கீழ்த்தளத்தில் வசிக்கும் பெரியம்மா. தென்காசிப் பக்கத்துக்காரர், கணவரின் அரசுப் பணியால் தில்லிக்கு வந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு இது தலைப்பிரசவம். விண்ணப்பத்துடன் வைக்க வேண்டிய கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதித் தந்தவன் நான். மொழியியல் படித்தவன் என்பதால் அப்பொறுப்பு இயல்பாக என்னிடம் வந்தது. நானும் சற்றுப் பெருமையோடுதான் ஏற்றுக்கொண்டேன்.

விசா மறுக்கப்பட்டது.

'மகளுக்கு அசிஸ்டன்ஸ் அளிப்பதற்காக' என்பது நான் எழுதிய தொடர். முதலில் 'ஹெல்ப்' என்றுதான் எழுதினேன். அது வீட்டுப் பேச்சுப்போல் தோன்றவே, அடித்துவிட்டு எடுப்பான சொல்லைப் போட்டேன். அதிகாரி அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டார். என்ன அசிஸ்டன்ஸ்? சமைப்பீர்களா? குழந்தையைப் பார்த்துக்கொள்வீர்களா? எத்தனை மாதங்கள்? மொழிபெயர்ப்பாளர் வழியாக வந்த கேள்விகள் அனைத்துக்கும் பெரியம்மா உள்ளதை உள்ளபடி 'ஆமாம்' என்றிருக்கிறார். பேறுகாலத்துக்குப் போகும் எந்தத் தாய் 'இல்லை' என்பாள்? வருகையாளர் விசாவில் வேலை செய்யக் கூடாது. கூலி கொடுத்து ஆள் வைத்துச் செய்விக்கக்கூடிய காரியத்தைத் தாய் கூலியின்றிச் செய்தாலும் அது வேலைதான் என்று அங்கே கருதியிருக்கிறார்கள். 'ஹெல்ப்' என்றே விட்டிருந்தாலும் தப்பியிருக்காது. தில்லி ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு வீட்டுப் பணியாளர் என்றும் பொருள் உண்டு.

திரும்பி வந்த இரவு, ஒருபொருட்பன்மொழி அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஹெல்ப், எய்ட், அசிஸ்டன்ஸ், சப்போர்ட், ரிலீஃப், சக்கர் என்று ஒரே வரிசையில் அமைதியாக நிற்கின்றன, ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காரலாம் என்பதுபோல. ஆனால் ஒவ்வொன்றின் வரலாறும் வேறு. ஹெல்ப் பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல். எய்ட், 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின் பிரெஞ்சு வழியே வந்தது. நிலமானிய காலத்தில் எய்ட் என்பது குடிகள் பிரபுவுக்குச் செலுத்திய ஒரு வரியின் பெயர். பிரபுவின் மூத்த மகளுக்குத் திருமணம் என்றால் குடிகள் எய்ட் கட்ட வேண்டும். இன்று அச்சொல் மேலிருந்து கீழே பாய்கிறது, அன்று கீழிருந்து மேலே ஏறியது. சப்போர்ட்டின் இலத்தீன் மூலத்துக்குக் கீழிருந்து சுமத்தல் என்று பொருள். சக்கரின் மூலத்தில் ஓட்டம் இருக்கிறது: ஆபத்தில் இருப்பவரை நோக்கி ஓடி வருதல்.

அசிஸ்டன்ஸ்தான் என்னை அதிகம் உறுத்தியது. அதன் இலத்தீன் வேர்ப்பொருள் அருகில் நிற்றல். பிரெஞ்சில் அதன் உடன்பிறப்பான வினை இன்றும் ஒரு நிகழ்ச்சியில் உடனிருத்தலைக் குறிக்கும். அதாவது, வேர்ப்பொருளின்படி நான் எழுதியது மிகச் சரி! ஆனால் விசா அதிகாரி வேர்ச்சொல் அகராதியைப் பார்த்து முத்திரை குத்துவதில்லை. சொல்லின் பொருள் அதன் பிறப்பில் இல்லை, வழக்கில் இருக்கிறது என்பதை முதுகலை முதல் பருவத்திலேயே பாடமாகப் படித்துத் தேறியவன் நான்.

அரசுகள் இச்சொற்களை என்னைப்போல் அழகு பார்த்துத் தேர்வதில்லை. நம் நாட்டுக்குக் கோதுமை கொண்டுவந்த பி.எல். 480, 1954ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம். அதன் முழுப்பெயரில் வேளாண் வணிகம் முதலிலும் அசிஸ்டன்ஸ் கடைசியிலும் வருகின்றன. 1964இல் இந்தியா பிற நாட்டவருக்குப் பயிற்சியளிக்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, எய்ட், அசிஸ்டன்ஸ் இரண்டையும் விலக்கிக் 'கோஆபரேஷன்' என்று பெயரிட்டது. கொடுப்பவர் கை மேலே, வாங்குபவர் கை கீழே என்ற தோற்றம் அச்சொல்லில் இல்லை.

தமிழில் நாமும் இச்சொற்களைக் கலந்தடிக்கிறோம். நான் மாதந்தோறும் வாங்குவது உதவித்தொகை. உதவிப் பேராசிரியர் எவருக்கும் உதவியாளர் அல்லர். துணைவேந்தர் எவருக்கும் துணைக்குப் போவதில்லை. எனினும் பேச்சுவழக்கில் எல்லை தெளிவாகவே இருக்கிறது. உதவி ஒரு செயல். செய்து முடிக்கலாம், அளக்கலாம், நன்றி சொல்லலாம். ஒத்தாசை என்பது பிறர் வேலையில் நம் கையையும் சேர்ப்பது. துணை செயலே அன்று, இருப்பு. இரவில் கிணற்றடிக்குத் துணைக்குப் போன சிறுவன் வாளியைத் தூக்குவதில்லை, சும்மா நிற்பான். குறளிலும் உதவியின் அளவு பேசப்படுவது செய்ந்நன்றியறிதலில். துணைக்குப் பெரியாரைத் துணைக்கோடல் என்று தனி அதிகாரமே உண்டு. 'சகாயம்' என்று நாம் வாங்கிக்கொண்ட வடசொல்லும் உடன் செல்பவர் என்ற பொருளிலிருந்து வளர்ந்ததுதான். அரசனுக்குச் சகாயர் இன்றியமையாதவர் என்று வலியுறுத்தும் அர்த்தசாஸ்திரத்தை இயற்றியவராகக் கருதப்படுபவரின் பெயரில் அமைந்த பகுதியில், ஒரு தாய் துணைக்குப் போக முடியாமல் திரும்பியிருக்கிறார்.

நேற்று புதிய கடிதம் எழுதினேன். அசிஸ்டன்ஸ் இல்லை, ஹெல்ப் இல்லை. பிரசவ நேரத்தில் மகளோடு இருக்கச் செல்கிறார், ஆறு வாரத்தில் திரும்புவார், சமையலுக்கும் குழந்தைக்கும் மருமகன் ஆள் அமர்த்தியிருக்கிறார் என்பதற்குச் சான்று இணைப்பில். பெரியம்மாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன்.

"துணைக்கு இருக்கப் போறேன்னு எழுதியிருக்கியாக்கும்?"

"ஆமா பெரியம்மா."

"அதத்தான தம்பி நான் மொதல்லயே சொன்னேன்."

உண்மைதான். முதல் நாள் என் குறிப்பேட்டில் அச்சொல்லையே எழுதி வைத்திருக்கிறேன். மறு நேர்காணல் அடுத்த மாதம் 9ஆம் தேதி. மகளுக்கு மருத்துவர் குறித்திருக்கும் நாள் 21.