வாப்பாவின் கொலஸ்ட்ரோலும் குக்குலுவும்

திங்கள்

வாப்பாவின் இரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பு, அதாவது எல்.டி.எல்., 172. கிளினிக்கில் அட்டோர்வாஸ்டட்டின் எழுதியிருக்கிறார்கள். கல்லீரல் கொலஸ்ட்ரோலை உண்டாக்கும் வேலையை அது மட்டுப்படுத்தும். மாமிக்கு அதில் மனமில்லை. "இந்தக் குளிசய ஆயுளுக்கும் குடிக்கணுமாம். நாட்டு மருந்துக்குப் போங்க காக்கா" என்றா. நிந்தவூரில் தொற்றா நோய்களுக்கென்றே ஆயுர்வேத ஆராய்ச்சி வைத்தியசாலை இருக்கும்போது, நம் பக்கத்து வீடுகளில் இந்தப் பேச்சு எழுவது இயல்புதான்.

புதன்

எங்களூர் ஆயுர்வேத டொக்டர் முதலில் கேட்டது கிளினிக் கொப்பியை. குளிசையை நிறுத்தச் சொல்லவில்லை. பத்தியத்தைத்தான் விரிவாகச் சொன்னார்: தேங்காய்ப்பால் ஆணத்தைக் குறைக்கணும், மாட்டிறைச்சியில் கொழுப்பை வெட்டி நீக்கணும், வெந்தயம் சேர்க்கணும். வெந்தயத்தின் நார் குடலில் பித்தநீரைப் பிடித்து வெளியேற்றுகிறது. புதிய பித்தநீர் செய்ய, கல்லீரல் இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ரோலை எடுத்துக்கொள்கிறது.

வெள்ளி

ஜும்ஆவுக்குப் பிறகு மாமி குக்குலு மாத்திரைப் போத்தலோடு வந்தா. ராஜஸ்தான், குஜராத்தின் வறண்ட நிலத்தில் வளரும் சிறு மரத்தின் பிசின் அது. சுஸ்ருத சங்கிதையில் கண்ட குறிப்பைப் பிடித்துக்கொண்டு, 1966இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஜி. வி. சத்தியவதி அதை ஆராய்ந்தார். 1980களில் இந்தியாவில் அது கொழுப்புக் குறைக்கும் மருந்தாகவே அங்கீகாரம் பெற்றது. ஆனால் 2003இல் அமெரிக்காவில் 103 பேரிடம் 8 வாரம் சோதித்தபோது, குக்குலு எடுத்தவர்களுக்கு எல்.டி.எல். குறையவில்லை, ஏறக்குறைய 5 சதவீதம் கூடியது. சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது. இதய நோய்க்குக் கொடுக்கும் ப்ரொப்ரனோலோல், டில்டியாசெம் ஆகியவை உடலில் சேர்வதையும் அது குறைக்கக்கூடும். மாமியிடம் இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். பழைய ஏட்டிலிருந்து கேள்வி எடுத்த சத்தியவதிமீது எனக்குப் பெரிய மதிப்பு. அந்தக் கேள்விக்குப் பின்னால் வந்த விடையையும் அதே மதிப்போடு ஏற்கத்தான் வேணும்.

ஞாயிறு

வாப்பா சுபஹுக்குப் பிறகு கடற்கரையில் நடக்கத் தொடங்கியிருக்கிறார். இரவில் குளிசை, பகலில் பத்தியம். மாமியின் போத்தலை இரண்டு டொக்டர்மாரிடமும் காட்டாமல் திறப்பதில்லை என்று முடிவு. நம் ஊர்களில் பலர் ஆஸ்பத்திரியில் நாட்டு மருந்தையும், நாட்டு வைத்தியரிடம் குளிசையையும் மறைக்கிறார்கள். நோயாளிக்குக் கேடு அந்த மறைப்பில்தான். இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி இரத்தம் பார்க்கணும். எந்த வைத்தியமானாலும் அந்த எண்ணுக்குப் பதில் சொல்லித்தான் ஆகவேணும்.