பெய்ஜிங்கில் இருக்கும் மகளுக்கு

தூத்துக்குடி

அன்புள்ள மகளுக்கு,

பெரியப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். பெரியம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. நீ அனுப்பிய தேயிலையைத் தினமும் போட்டுக் குடிக்கிறோம். பால் சேர்க்கக் கூடாது என்று நீ எழுதியிருந்ததை மட்டும் அவளால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

மத்தேயோ ரிச்சியைப் பற்றிப் பேச்சு வந்தபோது உன் சீனத் தோழி, "நட்பு என்று சொல்லிக்கொண்டு மதம் மாற்ற வந்தவர்தானே அவர்?" என்று கேட்டதாகவும், உனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தாய். நியாயமான கேள்வி. போனில் பேசி முடிகிற விஷயம் இல்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மதம் பரப்பத்தான் போனார், அம்மா. அதில் மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் சீன மண்ணில் அவர் வாழ்ந்த இருபத்தேழு ஆண்டுகளில் கிடைத்த நட்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அவை தூண்டிலில் கோத்த புழுக்கள் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நம் கடற்கரை ஊர்களில் நடந்து திரிந்த சவேரியார் கடைசியில் சீனாவுக்குப் போக ஆசைப்பட்டு, உள்ளே நுழைய முடியாமல், 1552 டிசம்பரில் சாங்சுவான் தீவில் இறந்தார் என்பது உனக்குத் தெரியும். அதே ஆண்டு அக்டோபரில்தான் இத்தாலியில் மசெராத்தா என்ற ஊரில் ரிச்சி பிறந்தார். ரோமில் இயேசு சபையில் சேர்ந்து, கிளாவியுஸ் என்ற பெரிய கணித மேதையிடம் படித்தார். 1578இல் கோவாவுக்கு வந்து இறங்கினார். குருப்பட்டம் பெற்றது 1580இல் நம் கொச்சியில். இரண்டு ஆண்டு கழித்து மக்காவ் போய்ச் சீன எழுத்தும் பேச்சும் கற்கத் தொடங்கினார். 1583இல் ருஜ்ஜியேரி என்ற மூத்த துறவியோடு குவாங்டோங் மாகாணத்துச் சாவோசிங் நகரில் தங்க அனுமதி கிடைத்தது.

தலையும் தாடியும் மழித்து, புத்த பிக்குவைப் போல உடுத்தித்தான் அங்கே குடியேறினார்கள். வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்தைப் பார்க்க அதிகாரிகள் வந்து போனார்கள். அந்த ஊர் ஆளுநர் வாங் பான் அதைச் சீன எழுத்தில் போட்டுத் தரச் சொல்லி, 1584இல் அச்சிட வைத்தார். ஆனால் 1589இல் மேலதிகாரி ஒருவர் மாறி வந்ததும் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அங்கிருந்து வடக்கே ஷாவ்சோவ்.

ரிச்சியின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் வந்து சேர்வது இந்தச் சமயத்தில்தான். சூ தைசூ. பெரிய அதிகாரியின் மகன். அப்பா வைத்துவிட்டுப் போன சொத்தையெல்லாம் ரசவாதத்தில் தொலைத்தவர். இந்த வெளிநாட்டுத் துறவிகளுக்குப் பாதரசத்தை வெள்ளியாக்கும் வித்தை தெரியும் என்று யாரோ சொல்ல, அதைக் கற்றுக்கொள்ள வந்தார். வெள்ளி கிடைக்கவில்லை, கணக்குக் கிடைத்தது. எண்கணிதம், வானியல், யூக்ளிடின் முதல் புத்தகம் என்று ரிச்சி சொல்லித்தர, இவர் இராப்பகலாக உட்கார்ந்து எழுதினார். சூரியக் கடிகாரமும் அளவுக் கருவிகளும் தன் கையாலேயே செய்தார். நாற்பது ஆண்டு கரும்பலகை முன் நின்ற எனக்கு இப்படி ஒரு மாணவன் வந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

ரிச்சிக்கு இந்த மாணவர் திருப்பிக் கொடுத்தது இன்னும் பெரியது. பிக்கு வேடத்தை விட்டுவிடுங்கள், படித்தவர்கள் உங்களைச் சமமாக உட்காரவைத்துப் பேச வேண்டுமானால் அறிஞர்கள் உடுத்துவதை உடுத்துங்கள் என்று சொன்னவர் அவர்தான். ரிச்சி கேட்டுக்கொண்டார். மேலிடத்தின் சம்மதம் வாங்கி, முடியும் தாடியும் வளர்த்து, பட்டு அங்கி போட்டார். ஒரு நண்பன் சொன்னதற்காகத் தன் கோலத்தையே மாற்றிக்கொண்டார், பார். நண்பர்களை மாற்ற மட்டும் வந்தவர் இப்படித் தான் மாறச் சம்மதிப்பாரா?

அந்தச் சூ தைசூ திருமுழுக்குப் பெற்றது எப்போது தெரியுமா? 1605இல். முதலில் சந்தித்துப் பதினாறு ஆண்டு கழித்து. அதுவரைக்கும் அவர் நண்பர்தான்; ஊர் ஊராக அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்து ரிச்சிக்கு வழி திறந்தவர். பிறகு தன் மகனையும் திருச்சபையில் சேர்த்தார். அந்தப் பையனுக்கு வைத்த பெயர் மத்தேயு.

ஷாவ்சோவில் சுகப்படவில்லை. கூட இருந்த இரண்டு இளம் துறவிகள் அடுத்தடுத்துக் காய்ச்சலில் இறந்தார்கள். 1592இல் ஒரு இரவு ஊர் இளைஞர் கூட்டம் ஒன்று வீடு புகுந்து தாக்கியது. ஜன்னல் வழியாகக் குதித்ததில் ரிச்சியின் கால் பிசகியது. அதன்பின் சாகும்வரை நொண்டித்தான் நடந்தார். பிடிபட்டவர்களுக்குத் தண்டனை என்று வந்தபோது, அவர்களை விட்டுவிடும்படி அதிகாரிகளிடம் கெஞ்சியவரும் அவரே. 1595இல் வடக்கே போகும் வழியில் கான் ஆற்றில் படகு கவிழ்ந்தது. நீச்சல் தெரியாத அவர் கைக்கு அகப்பட்ட கயிற்றைப் பிடித்துப் பிழைத்தார். கூட வந்த பர்ராதாஸ் என்ற இளைஞன் போய்விட்டான். நான்ஜிங் வரை போயும் அங்கே தங்க விடாமல் திருப்பி அனுப்பினார்கள். மனம் உடைந்து வந்து சேர்ந்த ஊர் நான்சாங்.

அந்த நிலையில் ஒரு மனிதர் என்ன எழுதுவார்? ரிச்சி நட்பைப் பற்றி எழுதினார். மிங் அரச குடும்பத்தைச் சேர்ந்த ஜியான்ஆன் இளவரசர் விருந்து வைத்து, உங்கள் நாட்டில் நட்பைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். சிசரோ, செனெகா என்று தான் படித்ததையெல்லாம் நினைவிலிருந்து எடுத்து, சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சீனத்தில் எழுதிக் கொடுத்தார். பிற்பாடு நூறு வாக்கியங்களாக நிறைந்த அந்தச் சிறு நூல்தான் சீன மொழியில் அவர் தனியாக எழுதிய முதல் நூல். அரசன், தந்தை, கணவன், அண்ணன் என்று கன்ஃபூசியஸ் மரபில் சொல்லும் உறவுகளில் எல்லாம் ஒருவர் மேல், ஒருவர் கீழ். ஐந்தாவதான நட்பில்தான் இருவரும் நிகர். அன்றைய படித்தவர்கள் அதைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலம். கையோடு கை மாறி, அச்சாகி, அவர் போகும் ஊருக்கெல்லாம் அந்த நூல் முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. ஒன்றைக் கவனி: அது வேத நூல் இல்லை. திருமுழுக்குப் பெறாமலே எத்தனையோ பேர் அதைப் படித்து அவரைத் தேடி வந்தார்கள்.

உன் தோழியின் கேள்வியை 400 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கேட்டுவிட்டார். லி ஜி என்ற சிந்தனையாளர். அந்தக் காலத்துச் சீனாவில் யாருக்கும் பணியாத மனிதர். எழுபது வயதைத் தாண்டியிருந்தார். பின்னாளில் நான்ஜிங்கில் ரிச்சியைச் சந்தித்து, விசிறியில் கவிதை எழுதிக் கொடுத்தார். பிறகு ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், எங்கள் நூல்களையெல்லாம் படித்தவர், பழக்கவழக்கத்தில் குறை சொல்ல இடமில்லை, இப்படி ஒருவரை நான் கண்டதில்லை என்று புகழ்ந்துவிட்டு, எதற்காக இங்கே வந்திருக்கிறார் என்பதுதான் புரியவில்லை என்றும் சொன்னார். தன் படிப்பை வைத்து எங்கள் கன்ஃபூசியஸ் படிப்பை மாற்ற வந்தார் என்றால் அது மடத்தனம், அப்படியிருக்காது என்று நினைத்தார். சந்தேகம் இருந்தும் மதிப்புக் குறையவில்லை. ரிச்சியும் நோக்கத்தை ஒளிக்கவில்லை. தன் விசுவாசத்தை விளக்கும் நூலை 1603இல் எல்லோரும் படிக்க அச்சிட்டார்.

பெய்ஜிங்குக்குள் நுழைய அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1598இல் ஒரு முறை போய், கொரியாவில் ஜப்பானியரோடு போர் நடந்த சமயம் என்பதால், வெளிநாட்டாரைக் கண்டு எல்லோரும் அஞ்ச, அவர் திரும்ப வேண்டியதாயிற்று. 1600இல் மறுபடி கிளம்பினார். மா தாங் என்ற அரண்மனை அண்ணகர் பெட்டிகளைச் சோதித்து, பாடுபட்ட சுரூபத்தைக் கண்டதும், பேரரசரைக் கொல்ல வைத்திருக்கும் சூனியப் பொம்மை என்று கூச்சல் போட்டார். பல மாதம் நிறுத்தி வைத்த பிறகு, 1601 ஜனவரியில் தலைநகருக்குள் விட்டார்கள். வான்லி பேரரசரை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. பரிசாகக் கொடுத்த மணியடிக்கும் கடிகாரங்கள்தான் அவரைக் காப்பாற்றின. சாவி கொடுக்கவும் பழுது பார்க்கவும் ஆள் வேண்டுமே!

அங்கேதான் லி ஜிசாவோ வந்தார். இளம் வயதில் சீனாவின் பதினைந்து மாகாணங்களையும் படமாக வரைந்து, உலகம் இவ்வளவுதான் என்று நம்பியிருந்தவர். ரிச்சியின் படத்தைப் பார்த்ததும் திகைத்துப்போய், அதைத் தானே மேற்பார்த்து 1602இல் ஆறு பெரிய தாள்களாக அச்சிட்டார். விசுவாசத்தில் அவருக்கு நாட்டம் இருந்தது. ஆனால் வீட்டில் இரண்டாம் தாரம் இருந்ததால் ரிச்சி திருமுழுக்குக் கொடுக்க மறுத்தார். ஆள் சேர்ப்பதே குறி என்றால் இவ்வளவு செல்வாக்குள்ள மனிதரை விடுவார்களா? மறுப்புக்குப் பிறகும் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து கணிதமும் வானியலும் எழுதிக்கொண்டேயிருந்தார்கள். 1610இல் லி ஜிசாவோ பெய்ஜிங்கில் குடும்பத்தை விட்டுத் தனியாக இருந்தபோது கடும் நோய் வந்தது. பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவர் ரிச்சி. அப்போதுதான் லி திருமுழுக்குப் பெற்றார்.

ரிச்சியின் இன்னொரு நண்பரான ஷு குவாங்சியைப் பற்றி நீயே ஷாங்காய் போனபோது எழுதியிருந்தாய். அவருடைய குடும்பப் பெயரில்தான் அங்கே ஷுஜியாஹூய் பகுதி இருக்கிறது. பெய்ஜிங்கில் அலுவல் முடிந்ததும் நாள்தோறும் ரிச்சியின் வீட்டுக்கு வருவார். ரிச்சி வாயால் சொல்ல, இவர் எழுதுவார், எழுதியதைத் திருத்துவார், மறுபடி எழுதுவார். யூக்ளிடின் முதல் ஆறு புத்தகங்கள் இப்படித்தான் 1607இல் சீனத்தில் அச்சேறின. மீதியையும் முடித்துவிடலாம் என்று ஷு துடித்தார்; முதலில் இதை ஜனங்கள் படிக்கட்டும் என்று ரிச்சி நிறுத்தினார். அதே ஆண்டில் ஷுவின் தகப்பனார் இறந்தார். துக்கம் காக்க ஷாங்காய் போனவர் திரும்பி வரும்போது ரிச்சி உயிரோடு இல்லை.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். கன்ஃபூசியஸ் வழியினரிடம் காட்டிய பொறுமையை அவர் புத்த பிக்குகளிடம் காட்டவில்லை. அவர்களோடு வாதம்தான் நடந்தது. அந்தப் பக்கம் ஒரு நல்ல சிநேகிதம் வாய்த்திருந்தால் அவர் எழுத்து இன்னும் ஆழமாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். உன் தோழி அதைச் சொன்னால் ஒத்துக்கொள்.

முன்னோருக்கும் கன்ஃபூசியஸுக்கும் செய்யும் வணக்கம் மரியாதையே, அதை விசுவாசிகள் விட வேண்டியதில்லை என்பது அவர் நிலைப்பாடு. நண்பர்களின் வீட்டுக்குள் போய்ப் பழகியவருக்குத்தான் அது புரிந்திருக்கும். ரோமிலிருந்து தூதராக வந்த தூர்நோன் 1704இல் நம் புதுச்சேரியில் தங்கி, மதுரை மிஷன் அனுமதித்திருந்த உள்ளூர் வழக்கங்களைத் தடை செய்து ஆணை பிறப்பித்துவிட்டு, அங்கிருந்து சீனாவுக்குப் போய் அங்கேயும் அதையே செய்தார். சீனாவில் அந்தத் தடை நீங்க 1939 வரை ஆயிற்று. பழகாதவர்கள் தீர்ப்புச் சொன்னதால் வந்த நஷ்டம் அது. நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

1610இல் அரசுத் தேர்வுக்காக ஆயிரக்கணக்கானவர்கள் தலைநகரில் கூடியிருந்தார்கள். இரவு பகலாக அவரைப் பார்க்க வந்துகொண்டேயிருந்தார்கள். வந்தவர் எவரையும் பார்க்காமல் அனுப்புவதில்லை. வந்தவர் வீட்டுக்குத் திரும்பப் போய் வருவதும் அங்கே மரியாதை. உடம்பு தாங்கவில்லை. மே 11ஆம் தேதி, 57 வயதில் இறந்தார். சவப்பெட்டிக்கு ஏற்பாடு செய்தவர் லி ஜிசாவோ, நோயிலிருந்து அப்போதுதான் எழுந்தவர். அடக்கம் செய்யப் பேரரசரே நிலம் கொடுத்தார். வெளிநாட்டு மறைபணியாளர் எவருக்கும் அதற்கு முன் அது கிடைத்ததில்லை. அதற்கான மனுவுக்குத் துணைநின்றவர்கள் நண்பர்கள்தான். அவர்களில் திருமுழுக்குப் பெறாதவர்களும் உண்டு.

அந்தக் கல்லறை உன் ஊரில்தான் இருக்கிறது, பழைய ஃபூச்செங்மன் வாசலுக்கு வெளியே, ஜாலான் என்ற இடத்தில். 1900 கலவரத்தில் உடைபட்டு, கலாசாரப் புரட்சியில் மண்ணுக்குள் புதைக்கப்பட்டு, பிறகு மீண்டும் நிறுத்தப்பட்ட கல். இப்போது பெய்ஜிங் நிர்வாகக் கல்லூரி வளாகத்துக்குள் வருகிறது. உள்ளே விடுவார்களா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள். உன் தோழியையும் கூட்டிக்கொண்டு போ. கல்லில் உள்ள சீன எழுத்தை அவள் படித்துச் சொல்லட்டும். பக்கத்தில் உள்ள லத்தீனை நீ படம் எடுத்து அனுப்பினால், எனக்குத் தெரிந்த அளவு நான் வாசித்து எழுதுகிறேன். அவள் பதிலையும், என் கடிதத்தோடு அவள் எங்கே ஒத்துப்போகவில்லை என்பதையும் எழுது.

குளிர் தொடங்கிவிட்டதாம், செய்தியில் பார்த்தேன். காதை மூடிக்கொண்டு போ. பெரியம்மா கருப்பட்டியும் மக்ரூனும் ஒரு பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள்; அங்கே வருகிறவர் யாரும் இருந்தால் சொல், கொடுத்து விடுகிறோம்.

அன்புடன்,
பெரியப்பா