மரை கழன்ற இடம்

மனம் சற்றே தடுமாறிய ஒருவரைக் கண்டால், 'அவனுக்கு மரை கழன்றுவிட்டது' என்று நம்மவர் இரக்கமின்றிச் சொல்லிவிடுகின்றனர். பட்டறைச் சொல் அது. ஆணியின் உடலிலும், அது இறங்கும் துளையின் சுவரிலும் சுற்றிச் சுற்றி ஓடும் வரிக்கே மரை என்று பெயர். அவ்வரி அழிந்துவிட்டால் ஆணி சுழன்றுகொண்டே இருக்கும், பிடிக்காது. உவமை பொருத்தமானதுதான். ஆனால் அதை எடுத்தாளுவோர், மரை கழன்ற பொருளைப் பட்டறையில் என்ன செய்கிறார்கள் என்று எட்டிப் பார்த்ததில்லை போலும். தூக்கி எறிவதில்லை, அன்பர்களே!

கோவையில் வாழ்வோருக்கு இது புதுச் செய்தியன்று. கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் தெருவுக்குத் தெரு லேத்துப் பட்டறைகள். ஜி.டி. நாயுடு (1893–1974) தம் இளமையில் ஓட்டலில் வேலை செய்து சேர்த்த பணத்தைக் கொண்டு ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதை ஓட்டி மகிழ்வதற்கு முன் பிரித்துப் பார்த்தார் என்பதை இங்குள்ள சிறுவரும் அறிவர். 1937-இல் அவரும் பாலசுந்தரம் நாயுடுவும் மின் மோட்டார் செய்து காட்டினர். பிரித்ததைச் சேர்க்கத் தெரிந்த ஊர் இது. பிரிக்கும்போதும் சேர்க்கும்போதும் முதலில் அடிபடுவது மரைதான்.

ஏன் அடிபடுகிறது? போல்ட்டை இறுக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவில் நீள்கிறது. வில்லைப் போல மீள முயல்கிறது. அந்த இழுவிசைதான் இரு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. அவ்விசையில் பெரும்பங்கை முதல் சில வரிகளே சுமக்கின்றன. சிறு எஞ்சின்களின் உடல் அலுமினியம், போல்ட்டோ எஃகு. மெல்லியதும் வல்லியதும் மோதினால் எது தோற்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பொதுவாகச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் திருகுவிசை போதும். நீண்ட ஸ்பேனரும் இளைஞனின் தோள்வலியும் சேர்ந்தால் அது நொடியில் கடந்துவிடும். 'இன்னும் கொஞ்சம்' என்ற ஆசையில் கை சற்று அழுந்த, திடீரென்று எதிர்ப்பு மறைகிறது. ஸ்பேனர் இலகுவாகச் சுழல்கிறது. அந்த இலகுவே கேட்டின் அடையாளம்.

அதற்கு அரைகுறை வைத்தியங்கள் பல உண்டு. போல்ட்டில் நூலைச் சுற்றித் திருகுவோர் உண்டு. செம்புக் கம்பியின் இழையைத் துளைக்குள் விடுவோரும், பசையைப் பூசுவோரும் உண்டு. எஞ்சின் சூடேறி அதிரத் தொடங்கியதும் எல்லாம் கழன்று வரும். இவற்றை நான் வைத்தியம் என்றதே மிகை.

முறையான வழி வேறு. அது பார்ப்பதற்குச் சற்றே கொடுமையானது. பழுதான துளையை முதலில் இன்னும் பெரிதாக்க வேண்டும்! 6 மில்லிமீட்டர் மரைக்கு முதலில் இட்டது 5 மில்லிமீட்டர் துளை. இப்போது அதை 6.3 ஆக்குகிறார்கள். சிதைந்த வரி முழுவதும் பொடியாக உதிர்ந்துபோகும். பின்னர் அதற்கென்றே உள்ள டேப்பைக் கொண்டு புதிய, அகன்ற மரையை வெட்டுகிறார்கள். பழைய நாளில் லேத்தில் கடைந்த புஷ் ஒன்றை அதில் திருகிப் பதிப்பது வழக்கம். இன்று ஹெலிகாயில் எனப்படும் துருப்பிடிக்காத எஃகுச் சுருள் வந்திருக்கிறது. அது தன் இயல்பில் துளையைவிடச் சற்றுப் பெரியது. ஒடுங்கி உள்ளே இறங்கும், இறங்கியபின் விரிந்து சுவரைப் பற்றிக்கொள்ளும். மேல்விளிம்புக்குச் சற்றே கீழே நிறுத்தி, அடியிலுள்ள வாலை ஒடித்து எடுத்துவிடுவார்கள். போல்ட்டு இப்போது எஃகை உரசுகிறது. அலுமினியத்திலோ சுமை முன்னைவிட அகன்ற பரப்பில் பரவுகிறது. பழுதுபட்ட இடம் பழுதுபடாத இடத்தைவிட உறுதியாகிவிடுகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான எஞ்சின்களிலேயே இம்முறை கையாளப்பட்டது.

சில மாதங்களுக்கு முன், ஆலயக் கிணற்று மோட்டாரின் தண்டை வாங்கக் கணபதியிலுள்ள ஒரு பட்டறைக்குச் சென்றிருந்தேன். அங்கே சிறுமுகைப் பக்கத்து வாழை விவசாயி ஒருவர், முதுகில் சுமந்து மருந்தடிக்கும் எஞ்சினோடு நின்றார். கார்புரேட்டரைப் பிடிக்கும் போல்ட்டின் மரை போயிருந்தது. அவ்விடத்தில் காற்றுக் கசிந்தால் பெட்ரோலும் அதில் கலந்த ஆயிலும் குறைந்து, பிஸ்டன் சூடேறி இறுகிவிடும். பிறகு எஞ்சினே போய்விடும். இறுக்கியவன் அவருடைய மகன். பதினாறு வயதிருக்கும், தலையைக் குனிந்து நின்றான்.

"ஏனுங்க, இது ஆகுமுங்களா? புதுசுதான் வாங்கோணுமுங்களா? எல்லாம் இந்த மரை கழண்ட பயலால வந்ததுங்க" என்றார் தந்தை. கடையிலிருந்த நால்வரும் கேட்டனர். பையனின் காது சிவந்தது.

பட்டறைக்காரர் துளைக்குள் விளக்கை அடித்துப் பார்த்தார். "ஆகுமுங்க, கொஞ்சம் பொறுங்க" என்றவர், துளையிடும் வேலையைத் தாமே முடித்தார். அதன்பின் டேப்பின் கைப்பிடியைப் பையனிடம் நீட்டினார். "கண்ணு, நீ போடு."

தந்தை பதறினார். பட்டறைக்காரர் காதில் வாங்கவில்லை. "அரைச் சுத்து முன்னால, கால் சுத்துப் பின்னால. பிசிறு ஒடியோணும். கிரீஸ் வெச்சிருக்கு, அதிலயே ஒட்டிக்கும். சாய்க்காத." பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகினான். கூடத்தில் லேத்தின் ஓசை மட்டும் கேட்டது. இடையே ஒருமுறை அவன் கை நின்றது. "இறுகுதுங்க" என்றான். "தெரியுதில்ல? அப்ப திருப்பு" என்றார் அவர். என் தண்டு எப்போதோ தயாராகிவிட்டது. எனக்குப் புறப்பட மனம் வரவில்லை.

சுருள் இறங்கியது. வால் ஒடிந்தது. கார்புரேட்டரை வைத்து, போல்ட்டையும் சிறிய ஸ்பேனர் ஒன்றையும் மறுபடி பையன் கையிலேயே கொடுத்தார். விரலால் திருகி முடித்தபின் ஸ்பேனரைப் பூட்டினான். தந்தை முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். கால் சுற்று. இன்னும் சிறிது. பையன் தானாகவே நிறுத்தினான்.

"போதுமுங்களா?" என்றான்.

"உனக்கு எப்படித் தோணுது?"

"போதுமுங்க."

பட்டறைக்காரர் தொட்டுக்கூடப் பார்க்காமல் எஞ்சினைத் தூக்கித் தந்தையிடம் கொடுத்தார். பையன் கை நீட்டி அதை வாங்கித் தன் முதுகில் மாட்டிக்கொண்டான்.