சிரசே பிரதானம்

எண் சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்னும் பழமொழியை வகுப்பறையில் பல ஆண்டுகளாக விளக்கி வந்திருக்கிறோம். அதன் பொருள் நமக்கே புரிந்தது ஒரு மாலையில், ஆம்பூரில், காருக்குள் உட்கார்ந்திருந்தபோதுதான்.

நம் உயரம் ஆறடி இரண்டங்குலம். ஓட்டு வீட்டுத் தாழ்வாரம், நகரப் பேருந்தின் கம்பி, திருமண வாசல் தோரணம் என்று எல்லாவற்றுக்கும் குனிந்து பழகிய கழுத்து இது. ஆகவே, சில ஆண்டுகளுக்கு முன் பழைய சிறிய கார் ஒன்றை வாங்கியபோது, அதன் கூரை தலைமுடியை உரசியதைக் குறையாகவே எண்ணவில்லை. வேலூரிலிருந்து கல்லூரிக்குப் போகவும் வரவும் தேசிய நெடுஞ்சாலை 48இல் கழுத்தை ஒருபுறம் சாய்த்தபடியே ஓட்டினோம். பள்ளத்தில் இறங்கி ஏறினால் உச்சந்தலையில் ஒரு குட்டு விழும். ஆசிரியரைக் குட்டவும் ஓர் ஆள் வேண்டும்தானே என்று சிரித்துக்கொள்வோம்.

அந்தச் சிரிப்பு ஒருநாள் நின்றது. காலணித் தொழிற்சாலைகளில் வேலை முடியும் நேரம். பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சாலைக்கு வந்துகொண்டிருந்தார்கள். காருக்குள் தொங்கும் கண்ணாடி, நெட்டையான நமக்குச் சரியாகக் கண்மட்டத்தில் அமைந்து, இடப்பக்கச் சாலையில் ஒரு துண்டை எப்போதும் மறைத்துக்கொண்டிருந்தது. அந்தத் துண்டிலிருந்துதான் ஒரு பெண் குறுக்கே வந்தார். பிரேக்குக்குத் தாவிய வலக்காலின் முழங்கால் ஸ்டியரிங்கின் அடியில் இடித்தது. கண நேரத் தாமதம். வண்டி நின்றபோது அவருக்கும் நமக்கும் இடையில் ஒரு சாண் இருந்திருக்கலாம். கையிலிருந்த டிபன் டப்பா சாலையில் உருண்டது. அவர் அதை எடுத்துத் துடைத்துக்கொண்டு, "பாத்து வாங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த வாரமே, கார் இருக்கைகளுக்குத் தோலுறை தைக்கும் பெரியவர் ஒருவரிடம் போனோம். இளமையில் காலணிப் பட்டறையில் வேலை பார்த்தவர். "பாய், சீட்டை ரெண்டு இஞ்ச் கீழே இறக்கித் தர முடியுமா?" என்று கேட்டோம். உட்காரச் சொல்லிப் பார்த்தார். "ஃபோம் கொஞ்சம் குறைக்கலாம் சார். அப்புறம் தொடைக்குத் தாங்கல் இருக்காது, இடுப்பு புடிச்சுக்கும். அடியில இருக்கிற ரெயில்ல நான் கை வைக்க மாட்டேன். வண்டி மோதுனா சீட்டே கழண்டு வரும்" என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "செருப்பு வாங்குறப்ப கால விட்டுப் பாத்துதானே வாங்குறீங்க? இத மட்டும் ஏன் சார் பாக்காம வாங்கினீங்க?"

பதில் இல்லை. கலரைப் பார்த்தோம், விலையைப் பார்த்தோம், மைலேஜ் விசாரித்தோம். உடம்பைக் கேட்கவில்லை.

நிற்க. கார்களை வடிவமைப்பவர்கள் பொதுவாக ஒரு வரம்பு வைத்துக்கொள்கிறார்கள். நூறு ஆண்களை உயர வரிசையில் நிறுத்தினால் கடைசி ஐவரையும், நூறு பெண்களை நிறுத்தினால் முதல் ஐவரையும் விட்டுவிட்டு, இடைப்பட்டவர்களுக்கு அளவெடுக்கிறார்கள். நாம் அந்தக் கடைசி ஐவரில் ஒருவர். ஐந்தடியை எட்டாத நம் இல்லத்தரசி மறுமுனைக்கு அருகில் இருப்பவர். இருவரும் ஓட்டுவது ஒரே வண்டி. இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. கூரைக்கு வேண்டிய கணக்கு நின்ற உயரம் அன்று, உட்கார்ந்த உயரம். நம் உயரமே உள்ள நண்பருக்கு அதே காரில் தலை இடிக்கவில்லை. அவருக்குக் கால் நீளம், நமக்கு உடல் நீளம்.

அடுத்த வண்டிக்கு அளவு பார்த்தே போனோம். இருக்கையில் பின்னால் ஒட்ட உட்கார வேண்டும். கிளட்சை முழுதாக மிதித்த பின்னும் முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். முதுகை எடுக்காமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படிய வேண்டும். தலைக்கும் கூரைக்கும் நடுவே மடக்கிய கை நுழைய வேண்டும். தலைசாய்ப்பு பிடரியோடு நின்றுவிடாமல் தலையின் உச்சி வரை எட்ட வேண்டும். இல்லையேல் பின்னாலிருந்து ஒரு மோதல் வந்தால் கழுத்து அதன்மேல் மடங்கும். குள்ளமானவர்களுக்கு எதிர்க்கவலை: மார்புக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையே 25 சென்டிமீட்டராவது வேண்டும். காற்றுப்பை விரிய இடம் வேண்டுமல்லவா?

விற்பனைக்கூடத்து இளைஞர் முதலில் விலை கூடிய வண்டியில் உட்கார வைத்தார். தலை இடித்தது. கூரையில் திறப்புக் கண்ணாடி வைத்த வண்டிகள் பலவற்றில் உட்கூரை இரண்டு விரற்கடை தாழ்ந்துவிடுகிறது. அது இல்லாத மலிவான வண்டியில் தலை நிமிர்ந்தது. பணம் கொடுத்துக் குனிவது எவ்வளவு வினோதம்! 1998இல் நம் சாலையோரத்து இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்தபோது, அதன் உயர்ந்த கூரையைப் பார்த்துச் சிரித்தவர்கள் பலர். அடுத்த ஆண்டு மாருதி வேகன் ஆர் அதே வழியில் வந்தது. நீளத்தைக் கூட்டாமல் கூரையை உயர்த்தி, ஆளை நாற்காலியில் போல நிமிர்த்தி உட்காரவைத்த யோசனை அது. அழகு குறைந்தது என்றார்கள். நெட்டையர்களின் கழுத்தை யாரும் கேட்கவில்லை.

வாங்கிய வண்டியில் இருக்கையை ஏற்றி இறக்கலாம், ஸ்டியரிங்கையும் சாய்க்கலாம். நாம் இறக்கிக்கொள்கிறோம், இல்லத்தரசி ஏற்றிக்கொள்கிறார். தொங்கும் கண்ணாடி இப்போது கண்மட்டத்துக்கு மேலே நிற்கிறது.

பெரியவரின் கேள்வி மட்டும் விடவில்லை. அவர் தொழிலிலும் அந்தக் குறை இருந்திருக்கிறது. நம் கால்களுக்கு ஆங்கிலேய, ஐரோப்பிய எண்களையே காலங்காலமாகப் போட்டு வந்தோம். சென்னையில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை அளந்தது. இந்தியர் பாதம் பொதுவாக அகலமானது என்று தெரியவந்தது. அதிலிருந்து உருவான அளவு முறைக்கு 'பா' என்று பெயர். பாரதத்தின் முதலெழுத்தாம். தமிழாசிரியர் காதில் அது வேறாகத்தான் விழுகிறது. பா என்றாலே அடியை அளப்பதுதானே?

அந்தத் திருப்பத்தைத் தினமும் கடக்கிறோம். இப்போது சாலை முழுதாகத் தெரிகிறது. யாரும் குறுக்கே வராத நாளிலும் கால் தானாகப் பிரேக்குக்குப் போகிறது. முழங்கால் எதிலும் இடிப்பதில்லை.