உருளைக்கிழங்குக்குத் தடையில்லை

1884 அக்டோபர் 30. ‘நியூயார்க் வேர்ல்ட்’ முதல் பக்கத்தில் வால்ட் மெக்டூகல் ஒரு விருந்தை வரைந்தார். அதிபர் வேட்பாளர் பிளெய்ன் கோடீஸ்வரர்களோடு சாப்பிடுகிறார். முன்னால் ஓர் ஏழைக் குடும்பம் கையேந்தி நிற்கிறது. பிளெய்ன் நியூயார்க்கில் சுமார் ஆயிரம் வாக்குகளில் தோற்றார். அதிபர் பதவியும் போனது.

எனக்கு அதைவிடப் பிடித்தது 1903. கவர்னரை இன்னொருவர் கிளியாக வரைந்ததால், பென்சில்வேனியாவில் மனிதரைப் பறவையாக, மிருகமாக வரையக் கூடாதுன்னு ஒரு மசோதா. மசோதாவில் காய்கறி இல்லையே! மெக்டூகல் அரசியல்வாதிகளை மரமாக, பீர் குவளையாக, உருளைக்கிழங்காக வரைந்துவிட்டார்.

நான் பொறியாளன். எந்த விதியிலும் சொல்லாமல் விட்டதைத்தான் முதலில் தேடுவேன். ஆனா வாட்ஸ்அப் குழுவில் போட வரைந்த கேலிச்சித்திரத்தை, யாரும் தடுக்காமலே நானே அழித்துவிடுகிறேன். எனக்குள்ளே உட்கார்ந்திருக்கும் தணிக்கைக்காரனை எந்தக் காய்கறி ஏமாற்றும்?